ஏற்பாடும் உடன்படிக்கையும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

தமிழ் விவிலியத்தைக் கையிலெடுப்பவர் முதலிற் காண்பவை ‘பழைய ஏற்பாடு’, ‘புதிய ஏற்பாடு’ என்னும் இரு பெயர்களாகும். நூலினுள்ளே புகுந்த பின்னரோ அதே கருத்தைச் சுட்டுமிடங்களில் ‘உடன்படிக்கை’ என்னும் சொல்லே பெரும்பாலும் எதிர்ப்படுகின்றது. எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்திற்கு வரும்போது ‘மரணசாசனம்’ என மூன்றாவது சொல்லொன்று தோன்றுகின்றது. கிரேக்க மூலத்தில் ஒரே சொல்லாக நிற்பது தமிழில் இவ்வாறு மூன்றாகப் பிரிந்துள்ளது. இதனை மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றமென்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அம்மூன்று சொற்களும் மூன்று வேறுபட்ட சமூக உறவுகளிலிருந்து பிறந்தவை என்பதை நோக்கும்போது, பிரச்சினை அகராதியின் எல்லையைக் கடந்துவிடுகின்றது.

கடவுளின் நித்திய உடன்படிக்கை பற்றியும் விசுவாசிகளுக்கு அவர் அளிக்கும் பராமரிப்புப் பற்றியும் தமிழில் தொடர்ந்து வெளிவரும் தியான எழுத்துக்கள் மிகப் பல. இவ்வெழுத்துக்கள் மேற்கூறிய மூன்றனுள் ஒன்றையே பற்றிக்கொண்டு ஏனையவற்றைக் கைநழுவ விட்டுள்ளன என்பதும், அதன் விளைவாக மட்டக்களப்பு போன்றதொரு பிரதேசத்தின் வரலாற்றனுபவத்தின் முன் அவை சொல்லிழந்து நிற்கின்றன என்பதும் எமது கருத்து. இதனை இறைநம்பிக்கை பற்றிய வாதமாகக் கொள்ளாது, ஒரு சொல்லாட்சி பற்றிய திறனாய்வாகவே வாசகர் கொள்ளல் வேண்டும்.

முதலிற் சொற்களை நோக்குவோம். எபிரேய மொழியில் ‘பெரித்’ என வழங்குவதனைக் கிரேக்கத்திற் பெயர்த்த பண்டைய யூத அறிஞர் முன் இரு சொற்கள் இருந்தன. சமநிலையிலுள்ள இருவர் தம்முட் பேசி முடிக்கும் ஒப்பந்தத்தைக் குறிப்பது ‘சுன்தேக்கே’. ஒருவர் தம் உடைமையைத் தம் விருப்பப்படி ஒழுங்குசெய்து வைப்பதனைக் குறிப்பது ‘தியாத்தேக்கே’. அன்றாடக் கிரேக்கத்தில் இறுதி விருப்ப ஆவணத்துக்கும் இதுவே பெயர். அவர்கள் பின்னையதனைத் தேர்ந்தனர். கடவுளும் மனிதரும் மேசையின் இருபுறமும் அமர்ந்து பேரம் பேசுபவரல்லர் என்னும் எண்ணமே இத்தேர்வின் பின்னணியாதல் கூடும். எபிரேயர் நிருப ஆசிரியர் அச்சொல்லின் இரு பொருளையும் வைத்தே தம் வாதத்தை நடத்துகின்றார். தமிழாசிரியர் அவ்விடத்து ‘மரணசாசனம்’ என மாற்றியமைத்தமை அதனாலேயாம்.

தமிழில் ‘உடன்படிக்கை’ என்பது ‘உடன்படு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. இருவர் இன்றி உடன்பாடு இல்லை. ‘ஏற்பாடு’ என்பதோ ‘ஏற்படு’ என்பதிலிருந்து வருவது. யார் யாரோடு என்னும் வினாவை எழுப்பாது, அமைந்துவிட்டதொன்றைக் கூறுவது. இன்னுமொரு சிறப்பும் அதற்குண்டு. கலியாண வீட்டிற் சாப்பாட்டு ஏற்பாடு யாருடையது என்று நாம் கேட்கும்போது, பிறருக்கு வேண்டியதனை முன்கூட்டியே கருதி ஆயத்தம் செய்தலையே அச்சொல்லாற் கருதுகின்றோம். ஆகவே, தியான எழுத்தாளர் இரு தலைப்புக்களின் கீழ் வைத்துப் பேசும் உடன்படிக்கையும் பராமரிப்பும் தமிழில் ‘ஏற்பாடு’ என்னும் ஒரே சொல்லினுள் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன. நூலட்டையில் அதனை அச்சிட்டுவிட்டு நூலினுள்ளே அதனைப் பெரிதும் கைவிட்டமை ஓர் இழப்பென்றே சொல்லத் தோன்றுகின்றது. 1871 இல் வெளிவந்த பவர் ஐயரின் ஐக்கிய மொழிபெயர்ப்பிலும் சரி, கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து 1995 இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் சரி, உள்ளே ஆட்சி செலுத்துவது உடன்படிக்கையே.

உடன்படிக்கை என்னும் சொல்லுக்கு மட்டக்களப்பு வாவிக்கரையில் தனியானதொரு வரலாறு உண்டு. போர்த்துக்கீசர் 1628 இல் புளியந்தீவில் எழுப்பிய கோட்டை 1638 மே 18 ஆம் திகதி ஒல்லாந்தத் தளபதி வெஸ்ரவோல்ட்டின் படைக்குப் பணிந்தது. ஐந்து நாட்களின் பின், மே 23 ஆம் திகதி, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தருக்குமிடையே மட்டக்களப்பில் உடன்படிக்கையொன்று கைச்சாத்தாயிற்று. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிலைகொள்ளுதல் பற்றிய அதன் மூன்றாம் பிரிவில், அரசன் அவ்வாறு விரும்பினால் என்னும் பொருள்பட்ட தொடரொன்று போர்த்துக்கீச மொழிப் பிரதியிற் காணப்பட்டது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அது காணப்படவில்லை. இலங்கைக் கரையோரத்தின் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக் கால வரலாற்றில் அவ்விடுபட்ட தொடருக்குச் சிறிதல்லாத பங்குண்டு. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கி வைத்துள்ளனர். இரு தரப்பினரும் தத்தம் பிரதியை வைத்துக்கொண்டு மற்றவரை வாக்குத் தவறியவர் என்று குற்றஞ்சாட்டிய உடன்படிக்கை இது. ஒப்பந்தத்தின் இயல்பே இதுவாகும்: அது ஐயத்தினின்று பிறக்கின்றது, நிபந்தனைகளில் வாழ்கின்றது, பிரதிகளுக்கிடையேயுள்ள இடைவெளியில் இறக்கின்றது.

இதற்குச் சரியாகப் பத்தாண்டுகளின் பின், 1648 இல், ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் இறையியலாளரான கொக்சேயுசு கடவுளின் உடன்படிக்கையையும் சாசனத்தையும் பற்றிய தமது இலத்தீன் நூலை வெளியிட்டார். நூற்பெயரிலேயே இரு சொற்களும் நிற்பது கவனிக்கத்தக்கது. கடற்கரைகளில் வணிகக் கொம்பனி எழுதிக் குவித்த ஒப்பந்தங்களின் காலத்திலேயே, அக்கொம்பனியின் நாட்டிலே கடவுளின் செயல் முழுவதையும் உடன்படிக்கை என்னும் ஒரே சட்டகத்தில் அடக்கும் இறையியல் உச்சம் பெற்றது. ஒன்று மற்றதன் நேரடி விளைவென்று கூற நாம் முற்படவில்லை. எனினும், ஒரு காலத்தின் வாணிப வாழ்வும் சமயச் சிந்தனையும் ஒரே சொற்களஞ்சியத்திலிருந்து கடன்பெறுதல் சமூகவியல் நோக்குடையோர்க்கு வியப்பளிப்பதன்று.

விவிலிய ஆய்வும் இத்திசையிற் சென்றுள்ளது. 1954 இல் மெண்டன்ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் சீனாய் உடன்படிக்கையின் அமைப்பைப் பண்டைய இத்தைத்துப் பேரரசர் தம் சிற்றரசரோடு செய்த ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். பேரரசன் தான் செய்த நன்மைகளைக் கூறுவான்; கட்டளைகளை விதிப்பான்; மீறினாற் சாபம் என்பான். 1970 இல் வைன்பெல்ட் இதற்கு மறுதலையான வேறொரு வகையைச் சுட்டினார். ஆபிரகாமோடும் தாவீதோடும் செய்யப்பட்டவை ஒப்பந்தத்தை ஒத்தவையல்ல, அரசன் தன் அடியானுக்கு வழங்கும் நிலக்கொடையை ஒத்தவை என்பது அவர் கருத்து. ஒப்பந்தம் பெறுபவனைக் கட்டுகின்றது; கொடையோ கொடுப்பவனைக் கட்டுகின்றது.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நாம் மேற்காசியாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுக்களில் நிலக்கொடையின் நிலைபேற்றைக் குறிக்கப் பயிலும் ‘சந்திராதித்தவற்’ என்னும் தொடரைத் தமிழ் மாணவர் அறிவர். சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை என்பது பொருள். தாவீதின் சந்ததிக்குரிய வாக்கினை எண்பத்தொன்பதாம் சங்கீதம் சூரியனையும் சந்திரனையும் முன்னிறுத்தியே உறுதிப்படுத்துகின்றது. எரேமியா முப்பத்தோராம் அதிகாரத்திற் புதிய உடன்படிக்கையைப் பேசிய உடனேயே பகலுக்குச் சூரியனையும் இரவுக்குச் சந்திரனையும் நியமித்தவர் என்று கடவுளைக் குறிப்பிடுகின்றார். ‘நித்திய’ என்னும் அடையைக் காலங்கடந்ததொரு தத்துவச் சொல்லாக விரித்தெழுதும் தியான நூலார், அது முதலில் ஒரு நிலச்சாசன மொழி என்பதனை எண்ணிப் பார்ப்பதில்லை. நிலமென்றால் எல்லையுண்டு, விளைச்சலுண்டு, பங்குண்டு, பங்கு மறுக்கப்பட்டவரும் உண்டு.

பழைய மொழிபெயர்ப்பில் ‘சுதந்தரம்’ என்னும் சொல் விடுதலையைக் குறிப்பதன்று. வழிவழி வரும் உரிமைப் பங்கினையே அது குறித்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிற் களத்துமேட்டில் நெல் அளக்கப்படும்போது ஊர்ப்பணி செய்வோருக்கு ஒதுக்கப்பட்ட பங்குகளுக்கும் இப்பெயரே வழங்கியது. 1995 மொழிபெயர்ப்பு அதனை ‘உரிமைச் சொத்து’ என மாற்றியது. தெளிவு கருதிச் செய்த மாற்றமே ஆயினும், சொத்து என்றவுடன் அது தனியொருவன் பெட்டியிற் பூட்டிவைக்கும் உறுதிப்பத்திரமாகிவிடுகின்றது, களத்துமேடு மறைந்துவிடுகின்றது. வாவிக்கரை வாசகருக்கு இவ்விடத்து வேறொரு நெருடலும் உண்டு. விவிலியத்தின் உரிமைமுறை தந்தைவழிப்பட்டது. மட்டக்களப்பின் குடிமுறையோ தாய்வழிப்பட்டது. பிறிற்றோ 1876 இல் நூலாக்கிய முக்குவர் வழமையின்படி பரம்பரைச் சொத்து சகோதரியின் மக்களையே சேர்ந்தது. அவ்வழமை சட்டவலு இழந்த பின்னரும் வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கம் நிலைத்துள்ளது. ஆண்மகவில்லாத செலோப்பியாத்தின் புதல்வியர் ஐவரும் தம் தந்தையின் பங்கை மோசேயிடம் வழக்காடிப் பெற்ற கதையை, எண்ணாகமத்தின் இருபத்தேழாம் அதிகாரத்தில், இப்பிரதேசத்துப் பெண்ணொருத்தி வாசித்தால், அவர்கள் ஏன் கேட்க நேர்ந்தது என்றே முதலில் வினவுவாள். அவ்வினாவிலிருந்து தொடங்கும் விவிலிய விளக்கமொன்று தமிழில் எழுதப்படுமாயின் அது உண்மையிற் புதியதாயிருக்கும்.

இனி, மெதடிஸ்த மரபுக்கு வருவோம். ஆசியாவில் வெஸ்லியன் திருப்பணி தொடங்கிய இடங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. 1814 இல் இங்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர். பாடசாலைகளைத் தொடக்கி, ஓராண்டு நிறையுமுன்னரே, 1815 ஏப்பிரல் 1 ஆம் திகதி இங்கேயே இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் வந்த ஆண்டையே தன் தொடக்கமாகக் கொள்கின்றது. இம்மரபு தன்னோடு கொணர்ந்தவற்றுள் உடன்படிக்கை ஆராதனையும் ஒன்று. 1755 இல் இலண்டனில் ஜோன் வெஸ்லி தொடக்கிவைத்த இவ்வழிபாடு, பதினேழாம் நூற்றாண்டுத் தூயநெறியாளரான ரிச்சட் அலீனின் எழுத்தைத் தழுவியது. இன்றும் ஆண்டின் தொடக்கத்தில் மெதடிஸ்த சபைகளில் நடைபெறுவது. அதன் நடுவாக அமைந்த மன்றாட்டில் விசுவாசி எதனையும் கோருவதில்லை. வேலையில் அமர்த்தப்படினும் ஒதுக்கிவைக்கப்படினும், நிறைந்திருப்பினும் வெறுமையுறினும் தன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கின்றான். பெயர் உடன்படிக்கையேயாயினும், இங்கு நிபந்தனை விதிக்கும் தரப்பு எதுவுமில்லை.

அதே புத்தாண்டு நாட்களில் தமிழ்க் கிறித்தவரிடையே பரவலாகக் காணப்படும் மற்றொரு வழக்கம் வாக்குத்தத்த அட்டை. ஆண்டு முழுவதற்கும் உரியதாக ஒருவர் ஒரு வசனத்தைப் பெறுகின்றார். அதனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவாருமுளர். எளிய மக்களுக்கு இது தரும் ஆறுதலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இலக்கியத் திறனாய்வாளன் கண்ணோட்டத்தில் இவ்வட்டை ஒரு பாடத்தின்மீது செய்யப்பட்ட அறுவை. எடுத்துக்காட்டாக, எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினோராம் வசனத்தைக் கூறலாம். நன்மையான எதிர்காலத்தை வாக்களிக்கும் அவ்வசனம் மிகுதியாக எடுத்தாளப்படுவது. அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரியாகும். அதற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுகள் என்று கூறுகின்றது. அதாவது, அக்கடிதத்தைக் கேட்ட முதியோருள் எவரும் அவ்வாக்கு நிறைவேறக் காணப்போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கும் அந்நிய நகரத்தின் நலனைத் தேடுங்கள் என்பதே கடிதத்தின் நடைமுறைச் செய்தி. அட்டையில் ‘உனக்கு’ என்று வாசிக்கப்படுவது மூலத்தில் ‘உங்களுக்கு’ என்று ஒரு மக்கட்கூட்டத்துக்குச் சொல்லப்பட்டது. பன்மை ஒருமையாகின்றது, எழுபது ஆண்டு ஓராண்டாகின்றது, அகதிகளின் கடிதம் தனிமனிதனின் காப்புறுதிப் பத்திரமாகின்றது.

இங்ஙனம் சுருங்கிய பின் எஞ்சுவது 1638 ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த ஒப்பந்தமே. விசுவாசி தசமபாகத்தையும் உபவாசத்தையும் செலுத்துகின்றான். கடவுள் தொழிலையும் சுகத்தையும் வெளிநாட்டுப் பயணத்தையும் தருகின்றார். தராதபோது இரண்டிலொன்று நிகழும்: விசுவாசியின் பிரதியில் ஏதோ ஒரு தொடர் விடுபட்டதென அவன்மீது குற்றஞ்சுமத்தப்படும், அல்லது கடவுள் வாக்குத் தவறியவராவார். இரண்டாவதைச் சொல்ல அஞ்சுவதால் முதலாவதையே பிரசங்கிகள் சொல்கின்றனர். துன்புற்றவன் தலைமீதே பழியும் ஏற்றப்படுவது இவ்வாறுதான்.

எனினும், வெஸ்லியின் உடன்படிக்கை மன்றாட்டையும் விமரிசனமின்றி ஏற்றல் இயலாது. போடியாரின் வயலில் முல்லைக்காரனாக உழைத்து, கடன் கழித்து மிஞ்சிய நெல்லோடு வீடு திரும்புபவனை நோக்கி, வெறுமையையும் மகிழ்ந்தேற்பேன் என்று சொல்லச் செய்தல் யாருக்கு வாய்ப்பானது? ஏற்கெனவே வெறுமையாக்கப்பட்டவன் வெறுமையை நேர்ந்துகொள்வதற்கும், நிறைவுடையவன் அதனைச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வாராதனையின் சொற்கள் தாமாகக் காட்டா. நற்கருணைக் கிண்ணம் புதிய உடன்படிக்கையின் கிண்ணமாயின், அதில் ஒருங்கே பருகுவோரிடையே இத்துணை ஏற்றத்தாழ்வு நீடிப்பதெங்ஙனம் என்னும் வினாவை, நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றி 1970களில் எழுதிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார் இலங்கைத் திருச்சபையின் முன் வைத்தார். தமிழ்த் தியான எழுத்து அவ்வினாவை இன்னும் உரிய முறையில் எதிர்கொள்ளவில்லை.

பராமரிப்பு என்னும் கருத்தையும் இதே ஒளியில் நோக்குதல் தகும். ஆதியாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், பலிக்குரிய ஆடு எங்கே என ஈசாக்கு வினவ, ஆபிரகாம் கூறும் மறுமொழியில் வரும் எபிரேய வினை ‘காணுதல்’ என்னும் பொருளது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதற்குப் ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்னும் வழக்குச் சொல்லைத் தேர்ந்தனர். இதனினும் பொருத்தமான சொல்லை எம்மாற் கருத இயலவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளுதல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுதல், வயலைப் பார்த்துக்கொள்ளுதல் என நம் மக்கள் கூறும்போது அதில் வழங்குதலைவிட உடனிருத்தலே மேலோங்கியிருக்கின்றது. வரவு செலவைக் குறிக்கும் சொல்லன்று அது. யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்து மன்னாக் கதையிலோ பராமரிப்பின் கணக்குமுறையே வெளிப்படையாகத் தரப்பட்டுள்ளது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. மறுநாளைக்கெனப் பதுக்கியது புழுத்தது. கடவுள் உணவளிக்கின்றார் என்பதற்கு இக்கதையை மேற்கோளாகக் காட்டும் தியானங்கள் பல; பதுக்கல் புழுத்தது என்பதிலே தங்கிநின்று எழுதுவன மிகச் சில. லேவியராகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரம் வயலின் ஓரங்களை அறுக்காது ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுமாறு பணிப்பதையும் இங்கு சேர்த்து எண்ணலாம். கடவுளின் பராமரிப்பு என்பது அவ்விடத்து நிலமுடையவன்மீது சுமத்தப்படும் ஒரு சட்டம்.

ஒப்பந்தம் என்னும் நோக்கு முற்றாக உடைந்து நொறுங்குவது இப்பிரதேசத்தின் அண்மைக்கால அனுபவத்தின் முன்னேயாகும். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி வாவியின் இருமருங்கிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று வேறுபாடு பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாட் காலையிலே கடல் நாவலடியையும் கல்லடிக் கரையையும் மூடியது. இயற்கையின் செயலென்று இவற்றைக் கூறியாயினும் தப்பலாம். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் தொழுகையில் இருந்தவர்கள். 2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்கள் ஆராதனைக்கு வந்தவர்கள். அவர்களுட் பலர் குழந்தைகள். தத்தம் தரப்பின் கடமையைச் செய்துகொண்டிருந்த வேளையிலேயே இவர்கள் இறந்தனர். நிபந்தனைகளைக் காரணங்காட்டும் எந்த விளக்கத்துக்கும் இங்கு இடமில்லை; அவ்வாறு விளக்க முற்படுதல் அநாகரிகமுமாகும்.

‘விசுவாசிகளுக்கான’ உடன்படிக்கை என்னும் வரையறையும் இவ்விடத்திலேயே மறுபரிசீலனைக்கு உரியதாகின்றது. நித்திய உடன்படிக்கை என்னும் தொடர் விவிலியத்தில் முதன்முதலாக வருமிடம் ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரம். வெள்ளம் வடிந்த பின் கடவுள் நோவாவோடு மட்டுமன்றி, பறவையும் கால்நடையும் காட்டுவிலங்கும் உட்படப் பூமியிலுள்ள உயிர்கள் அனைத்தோடும் அதனைச் செய்கின்றார். ஆபிரகாம் அப்போது பிறக்கவுமில்லை. இசரவேலர் என்றோ கிறித்தவர் என்றோ எவரும் இல்லை. உயிர்களிடம் எந்த வாக்குறுதியும் கேட்கப்படவில்லை. வில்லை மேகத்திற் கண்டு நினைவுகூர வேண்டியவர் மனிதரல்லர், கடவுளே என்றும் அவ்வதிகாரம் கூறுகின்றது. சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பறங்கியரும் ஒரே நீர்ப்பரப்பைச் சூழ வாழும் நாட்டில், நித்திய உடன்படிக்கை பற்றி எழுதப்புகுவோர் இவ்வதிகாரத்தைத் தாண்டி நேரே பதினேழாம் அதிகாரத்திற்குச் சென்றுவிடுவதேன் என்று வினவ வேண்டியுள்ளது.

தாண்டிச் செல்லப்படும் பகுதிகளுள் இன்னுமொன்றைக் குறிப்பிடுதல் அவசியம். புதிய உடன்படிக்கையைப் பேசும் எரேமியா முப்பத்தோராம் அதிகாரத்தை முப்பத்தோராம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. அதே அதிகாரத்தின் பதினைந்தாம் வசனத்தில், ராமாவிலே ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகின்றாள். அவர்கள் இல்லாமற்போனதால் ஆறுதலை ஏற்க மறுக்கின்றாள். உடன்படிக்கையின் வாக்கு இவ்வழுகையைக் கேட்ட பின்னரே அவ்வதிகாரத்தில் வருகின்றது. அடுத்துவரும் இரு வசனங்கள் பிள்ளைகள் பகைவர் நாட்டிலிருந்து திரும்பி வருவர் என்று அவளைத் தேற்றுகின்றன. ஏரோதின் கட்டளையாற் பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்டதைத் தமது இரண்டாம் அதிகாரத்திற் கூறுமிடத்து மத்தேயு இப்பகுதியை எடுத்தாள்கின்றார். எடுத்தாள்பவர் பதினைந்தாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கின்றார். திரும்பி வருதல் பற்றிய வசனங்களை அவர் அங்கு சேர்க்கவில்லை.